பூட்டை இழுத்துப் பார்ப்பது: அன்றாடத்திலும் நினைவிலும் பொருள் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாமானுக்கும் 'பொருள்' என்று பெயர். ஒரு சொல்லின் அர்த்தத்துக்கும் அதே பெயர். (செல்வத்துக்கும்தான். அதை இங்கே விட்டுவிடுவோம்.) வாழ்க்கையில் அர்த்தம் தேடிக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் பொருளை ஒரே தாவலில் தாண்டிவிட்டு இரண்டாவதில் போய் விழுகிறார்கள். ஜன்னலைப் பார்த்தால் சுதந்திரம். படிக்கட்டைப் பார்த்தால் முன்னேற்றம். அந்த ஜன்னலில் எத்தனை கம்பி, எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று கேளுங்கள், விழிப்பார்கள்.

இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான வேலையைச் சொல்கிறது. சாமானின் பக்கத்தில், உங்களுக்குப் பொறுமை இருக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டும். அர்த்தம் அதன் பின்னால் வரும். சில நாள் வராது.

வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா, தினம் பத்து நிமிடம். ஒரு மாதம் செய்தால் போதும். கைப்பேசியில் குறிக்கலாமா என்று கேட்டால் குறிக்கலாம்தான். ஆனால் வேண்டாமென்று நீக்கிய சொல் அங்கே தங்காது. முதலில் எழுதி அடித்த சொல் பின்னால் தேவைப்படும் என்பதால் நான் காகிதத்தின் கட்சி.

முதல் படி: ஒரு வாரம் 'போல' இல்லாமல்

தினம் ஒரு சாமான், அல்லது ஒரு செய்கை. மூன்று வரி. உவமை கூடாது, உணர்ச்சிப் பெயர் கூடாது, 'எப்போதும்', 'வழக்கமாக' என்ற சொற்களும் கூடாது. பார்த்தது, கேட்டது, தொட்டது, முகர்ந்தது மட்டும்.

எளிதாகத் தெரியும். மூன்றாம் நாள் கை நடுங்கும். எழுத ஒன்றுமே இல்லை என்று தோன்றும். காரணம் இருக்கிறது: பழகிய ஒன்றை மூளை முழுதாகப் பார்ப்பதில்லை, அடையாளம் கண்டவுடன் அடுத்த வேலைக்குப் போய்விடும். ரஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோய் 1897-இல் தன் நாட்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். அறையைத் துடைத்துக்கொண்டு வந்தவருக்கு, சோபாவைத் துடைத்தாயிற்றா இல்லையா என்பது நினைவில்லை. தெரியாமல் செய்தது செய்யாததற்குச் சமம் என்று அவர் யோசனை போகிறது. விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி என்ற விமர்சகர் 1917-இல் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு, பழக்கம் நம் துணிமணியையும் மேசை நாற்காலியையும் தின்றுவிடுகிறது என்றும், கல்லைக் கல்லாக மறுபடி உணர வைப்பதற்கே கலை இருக்கிறது என்றும் வாதிட்டார்.

ஆகவே முதல் வாரத்தில் உங்கள் வேலை கலை அல்ல. தின்னப்பட்டதைத் திரும்ப வாங்குவது.

நான் செய்தபோது நான்காம் நாள் எழுதிய வரிகள் இவை: 'பித்தளைப் பூட்டு. அடிப்பக்கத்து விளிம்பு மட்டும் மஞ்சளாகப் பளபளக்கிறது, மற்ற இடம் கறுத்திருக்கிறது. அப்பா பூட்டியதும் மூன்று முறை இழுப்பார், நாதாங்கி கதவில் மோதி டக் டக் டக் என்று சத்தம் வரும்.' ஏன் இது வந்தது என்று அப்போது தெரியாது. வந்ததை எழுதினேன். இந்தப் பூட்டைத்தான் இனி ஒவ்வொரு படியிலும் உங்களிடம் காட்டப்போகிறேன். நீங்கள் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சாமானிலிருந்து நினைவுக்கு

வாரக் கடைசியில் ஏழு குறிப்புகளையும் வரிசையாகப் படியுங்கள். எது உங்களைச் சும்மா இருக்க விடவில்லையோ அதை மட்டும் எடுங்கள். அழகாக எழுதியதை எடுக்காதீர்கள்; அது வேறு.

இப்போது அதைச் சுற்றி நினைவைக் கிளற வேண்டும். 'என்ன நினைவு வருகிறது?' என்று தன்னைத்தானே கேட்டால் ஒன்றும் வராது. நினைவுக்குக் கதவைத் தட்டினால் கேட்காது, பக்கவாட்டில் போக வேண்டும். எனக்குப் பயன்பட்ட மூன்று பக்கவாட்டு வழிகள்:

ஒன்று, இடம். நீங்கள் வாழ்ந்த பழைய வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையுங்கள். கோடு நேராக இருக்க வேண்டியதில்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஸ்விட்ச் எவ்வளவு உயரத்தில், எந்த மூலையில் யார் உட்காருவார்கள். 1975-இல் காடன், பேட்லி என்ற உளவியலாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கடியில் மனப்பாடம் செய்த சொற்கள் தண்ணீருக்கடியிலும், கரையில் செய்தவை கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தன. இடம் நினைவின் ஒரு பகுதியாகவே பதிந்துவிடுகிறது. பழைய வீட்டுக்கு நேரில் போக முடியாதவர்களுக்குப் பென்சில் போதும்.

இரண்டு, வாசனை. மற்ற புலன்களின் செய்தி தலாமஸ் என்ற நடுநிலையத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகிறது. வாசனை அந்த நிலையத்தில் நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகவே தொடுகிறது. சாவிக்கொத்தைப் பிடித்த கையை முகர்ந்து பாருங்கள், வேடிக்கையாகச் சொல்லவில்லை. உலோகமும் வியர்வையும் கலந்த அந்த வாசனை எனக்கு அரை மணி நேரத்துக்கு எழுதப் பொருள் கொடுத்தது.

மூன்று, கண்ணை மாற்றுவது. சில நினைவுகளில் நாம் நம் கண் வழியே பார்க்கிறோம். வேறு சிலவற்றில் நாமே ஒரு பாத்திரமாக வெளியே தெரிகிறோம், யாரோ படம் எடுத்த மாதிரி. இந்த இரண்டு வகையையும் 1983-இல் நிக்ரோ, நைஸர் என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். உங்கள் நினைவு எந்த வகை என்று பார்த்துவிட்டு, மற்ற வகையில் ஒருமுறை எழுதுங்கள். என் பூட்டு நினைவில் நான் வெளியே தெரிந்தேன்: அரைக்கால் சட்டை, தோளில் பை. உள்ளிருந்து எழுதிப் பார்த்தபோது அப்பாவின் முகமே இல்லை. என் கண் உயரத்தில் பூட்டும் ஒரு கையும்தான் இருந்தன.

அந்தக் கையில் வளையல் இருந்தது. அதை எழுதியபோது நான் கவனிக்கக்கூட இல்லை.

இன்னொன்று: நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம் மற்றக் காலங்களைவிட அடர்த்தியாக நினைவுக்கு வரும். ஆய்வாளர்கள் பலமுறை கண்டது இது. அதனால் பழையவற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் போன மாதத்திலிருந்தும் ஒரு குறிப்பு எடுங்கள். ஆறின நினைவில் மட்டுமே வேலை செய்கிறவர்களுக்கு எல்லாமே இனிப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

மூன்றாம் படி: சாட்சியைக் கேட்பது

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

நினைவைப் பெட்டியில் வைத்த பழைய புகைப்படம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-இலேயே அந்த எண்ணத்தை உடைத்தார். அந்நியமான ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. புரியாத இடங்கள் உதிர்ந்தன. சொல்பவருக்குப் பழகிய விஷயங்கள் உள்ளே நுழைந்தன. நினைவுகூர்தல் என்பது ஒவ்வொரு முறையும் கட்டுவது, எடுப்பது அல்ல.

இதைவிட எழுதுகிறவர்களைப் பயமுறுத்த வேண்டியது 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் செய்த சோதனை. கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, வேகம் என்ன இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். சிலரிடம் 'மோதியபோது', சிலரிடம் 'மோதி நொறுக்கியபோது'. நொறுக்கியது என்று கேட்கப்பட்டவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, அந்தக் கூட்டத்தில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். சாதாரணமாக 'மோதியது' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை.

ஒரு வினைச்சொல் இல்லாத கண்ணாடியை உடைக்கிறது. அப்படியானால் 'பூட்டை இழுத்தார்' என்று எழுதுவதா, 'உலுக்கினார்' என்று எழுதுவதா என்பது அலங்காரப் பிரச்சினை அல்ல. 'உலுக்கினார்' என்று இரண்டு முறை எழுதினால் மூன்றாம் முறை அப்பா கோபக்காரராகிவிடுவார். நோட்டில் அடித்த சொற்களை வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சாட்சி கேட்பது எப்படி? அந்த இடத்தில் இருந்த இன்னொருவரிடம், உங்கள் கதையைச் சொல்லாமல் கேளுங்கள். 'அப்பா பூட்டை மூன்று முறை இழுப்பாரே, ஞாபகம் இருக்கா?' என்று கேட்டால் ஞாபகம் இருக்கிறது என்றுதான் பதில் வரும். 'வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது என்ன நடக்கும்?' என்று கேட்க வேண்டும். நான் அக்காவிடம் முதல் மாதிரியில்தான் கேட்டேன், ஆனால் அவள் அப்படியெல்லாம் மசிகிறவள் இல்லை.

"அப்பா எங்கேடா இழுத்தார்? அவர் பூட்டிட்டு விறுவிறுன்னு படியிறங்கிடுவார். அம்மாதான் பாதி வழியில திரும்பி வந்து இழுப்பா. உனக்கு எல்லாமே அப்பாதான்."

வளையல்.

சாட்சி சொன்னதும் உங்கள் நினைவைக் கிழித்துப் போட வேண்டாம். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே ஒரு செய்தி. அம்மாவின் செய்கையை நான் ஏன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்ற கேள்வி, பூட்டைவிடப் பெரியது. அதற்கு இங்கே இடமில்லை.

நான்காம் படி: மொழியில் ஏற்கெனவே புதைந்திருப்பதைத் தோண்டுவது

சொந்த உருவகத்தைத் தேடும் முன், உங்கள் குறிப்புகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் உருவகங்களைக் கண்டுபிடியுங்கள். நேரத்தைச் செலவழித்தேன், வார்த்தையை விழுங்கினேன், பேச்சை வெட்டினார், மனம் கனத்தது: இவற்றில் எதுவும் நேரடிப் பேச்சு இல்லை. மொழியியலாளர் லேக்காஃப், தத்துவ ஆசிரியர் ஜான்சன் இருவரும் 1980-இல் இதை விரிவாகக் காட்டினார்கள்: உருவகம் கவிஞர்களின் நகை அல்ல, அன்றாட சிந்தனையே அதில்தான் நடக்கிறது. வாதத்தில் ஜெயித்தான், தோற்றான், தாக்கினான் என்று சொல்லும்போதே பேச்சைப் போராக நினைத்தாயிற்று.

தமிழில் தோண்டினால் ஊற்று மாதிரி வரும். ஆறுதல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சூடு ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். துக்கம் கேட்டு வந்தவர் சொல்வது ஆறுதல் வார்த்தை. துக்கம் சூடானது, காயம் பட்டது என்ற இரண்டு எண்ணங்களையும் அந்த ஒரு சொல் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறது. ஊதி ஆற்றலாம், ஆனால் அவசரப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்து. 'விளக்கு' இன்னும் நல்லது: இருட்டில் ஏற்றுவதும் விளக்கு, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவதும் விளக்குவது, புரியாததைச் சொல்வதும் விளக்குவது. நான் இதில் தேய்ப்பதையே அதிகம் நம்புகிறேன்.

பயிற்சி: உங்கள் குறிப்பில் அப்படிப்பட்ட ஒரு சொல்லை வட்டமிட்டு, அதை நிஜமாக எடுத்துக்கொண்டு இரண்டு வரி மேலே எழுதுங்கள். விழுங்கிய வார்த்தை தொண்டையில் எங்கே நின்றது? பத்தில் எட்டு முறை அசட்டுத்தனமாக வரும். பரவாயில்லை.

ஐந்தாம் படி: நான்கு வாசல்

இப்போது 'போல'வுக்கு அனுமதி. ஆனால் முறையோடு.

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் இடங்கள் நான்கு என்கிறது: வினை, பயன், மெய், உரு. செய்கையால் ஒத்திருப்பது, விளைவால் ஒத்திருப்பது, வடிவத்தால் ஒத்திருப்பது, நிறத்தால் ஒத்திருப்பது. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போன்ற கை என்றால் கை நனைந்திருக்கிறது என்று பொருளில்லை. கொடுப்பதன் பயன் ஒன்று. துடி போன்ற இடை மெய். பவளம் போன்ற இதழ் உரு. நமக்கு இதை இலக்கணப் பாடமாக நடத்தித் தேர்வில் எழுத வைத்துவிட்டார்கள். கண்டுபிடிக்கும் கருவியாக யாரும் கையில் கொடுக்கவில்லை. கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கத்தை நான்காக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்து ஒப்புமை எழுதுங்கள். முதல் இரண்டு எல்லோருக்கும் வருபவையாகவே இருக்கும். அவை தீர்ந்த பிறகுதான் உங்களுடையது ஆரம்பிக்கும்.

என் பூட்டுக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன்.

மெய்: மூடிய கை, தொங்கும் காதணி, தூங்கும் வௌவால். வௌவால் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை, விட்டுவிட்டேன்.

உரு: கை பட்ட விளிம்பு மட்டும் மின்னுகிறது, மற்றது கறுத்துக் கிடக்கிறது. வேறு எது இப்படி? மாடிப்படியின் கைப்பிடி. அடிக்கடி புரட்டப்பட்ட அகராதியின் ஓரம், ஆனால் அது மின்னாது, அழுக்காகும். பிறகு, குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. கை படும் இடம் மட்டும் பளபளக்கிறது. சொல்லாமல் விட்ட பக்கமெல்லாம் கறுத்துப்போகிறது. இது கொஞ்சம் நிற்கும்.

வினை: பூட்டியது தெரிந்தும் இழுத்துப் பார்ப்பது. வேறு எந்தச் செய்கை இப்படி? தபாலில் போட்ட கடிதத்தின் நகலை எடுத்துப் படிப்பது. 'சரி, வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருப்பது. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பது. இந்தக் கடைசி வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டேன். உடம்பு அப்படி ஏதாவது செய்தால் அந்த ஒப்புமைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

பயன்: இங்கேதான் நான் ஏமாந்திருந்தது தெரிந்தது. முதல் நாளிலிருந்தே என் மனதில் 'பயம்' என்று ஒரு அர்த்தம் தயாராக இருந்தது. பூட்டை இழுக்கிறவர் திருட்டுக்குப் பயப்படுகிறார், உலகத்துக்குப் பயப்படுகிறார். எங்கோ படித்த அர்த்தம், கடன் வாங்கியது. பயன் என்ற கட்டத்தில், இழுத்ததால் என்ன விளைந்தது என்று நேர்மையாக எழுத வேண்டியிருந்தது. பூட்டு கூடுதலாகப் பூட்டிக்கொள்ளவில்லை. விளைவு ஒன்றே ஒன்று: இழுத்த பிறகு அம்மாவால் நடக்க முடிந்தது. ஆக அது விடைபெறுதல். ஆளில்லாத வீட்டிடம் 'வரட்டுமா' என்று கேட்பது.

நான்கில் எது அதிகம் கொடுக்கும் என்றால், என் அனுபவத்தில் பயனும் வினையும். வடிவமும் நிறமும் கண்ணுக்குச் சீக்கிரம் கிடைப்பதால் சீக்கிரம் தீர்ந்தும் விடுகின்றன.

கிடைத்த ஒப்புமையைச் சோதிக்க ஒரு வழி, திருப்பிப் போட்டுப் பார்ப்பது. பூட்டை இழுப்பது விடைபெறுவது போல என்றால், விடைபெறுவது பூட்டை இழுப்பது போலவா? வாசலில் நின்று 'போய்ட்டு வரேன்' என்று இரண்டு முறை சொல்கிறவர்கள் எதை இழுத்துப் பார்க்கிறார்கள்? திருப்பினாலும் நின்றால் நல்ல உறவு.

ஆறாம் படி: 'போல'வை மறுபடி எடுத்துவிடுவது

கண்டுபிடித்ததைச் சொல்லிவிட ஆசையாக இருக்கும். சொல்லாதீர்கள்.

சங்கக் கவிதையில் இதற்கு உள்ளுறை என்று பெயர். வெளியே நடப்பது விலங்கின், செடியின், தண்ணீரின் காரியம். உள்ளே இருப்பது மனிதர்களின் காரியம். இடையில் பாலமாக ஒரு 'போல'கூடக் கிடையாது. இன்னொரு நுட்பம்: ஒரு நிலத்துக்கு உரிய விலங்கு, மரம், தெய்வம் முதலிய கருப்பொருள்களை உள்ளுறைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றில் தெய்வத்தை எடுக்கக் கூடாது என்று தொல்காப்பியம் விலக்குகிறது. அதற்கு உரைகாரர்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கிடைத்த பாடம் இது: பெரியதைக் கொண்டு சிறியதைச் சொல்லாதே, காலடியில் கிடப்பதை வைத்துச் சொல். விதி, பிரபஞ்சம், காலம் என்ற சொற்கள் உங்கள் பத்தியில் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அன்று அங்கே இருந்த ஒரு சாமானை வையுங்கள்.

செய்முறை: கண்டுபிடித்த அர்த்தத்தை ஒரு தாளில் வெளிப்படையாக எழுதுங்கள். அந்தத் தாளை மூடிவிட்டு, அந்தச் சொல் ஒருமுறைகூட வராமல் ஐந்தாறு வரியில் நிகழ்ச்சியை எழுதுங்கள். பிறகு படிக்கக் கொடுங்கள். படித்தவர் உங்கள் அர்த்தத்தையே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் தன் வீட்டுப் பூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேலை நடந்துவிட்டது.

வலிக்கும்போதும், ஒன்றும் வராதபோதும்

சில சாமான்கள் கையைச் சுடும். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், தங்களைப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதிய உடனே மனம் இன்னும் கலங்கியது. ஆனால் நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதியதும் கொஞ்சம் கனமாக இருப்பது இயல்பு என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாட்கணக்கில் அது இறங்காவிட்டால், தூக்கத்தைக் கெடுத்தால், நினைவு தானாக வந்து தாக்கினால், நோட்டை மூடிவிட்டு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். புதிய துக்கத்தில் உருவகம் தேடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது ஆறட்டும்.

ஒன்றும் வராத வாரமும் இருக்கும். குடை வெறும் குடையாகவே இருக்கும். அதைப் பிழிந்து எதையாவது வரவழைக்காதீர்கள். எல்லாவற்றிலும் அறிகுறி தேட ஆரம்பித்தால், பஸ் தவறியதற்கும் பேனா கசிந்ததற்கும் அர்த்தம் கண்டுபிடித்து நண்பர்களை விரட்டிவிடுவோம். நான் ஒரு காலத்தில் செய்தேன். குறிப்பை எழுதி, தேதி போட்டு, விட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அது வேறு மாதிரி இருக்கலாம்.

மாத இறுதியில் பூட்டைப் பற்றி என் நோட்டில் நின்றது இவ்வளவுதான்:

'அப்பா பூட்டிவிட்டுப் படியிறங்கிவிடுவார். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுப்பாள். நாதாங்கி கதவில் மோதும். இப்போது என் கதவுக்கு எண் பூட்டு. சாவி கிடையாது, மூடியதும் தானே பீப் என்கிறது. லிஃப்ட் வந்து நிற்கும்போது நான் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருப்பேன். சில நாள் லிஃப்ட் போய்விடும்.'